தயவுசெய்து பதில் அனுப்ப வேண்டாம்

மலேசியத் தமிழர்கள் அதிகம் வாசிக்கும் உரைநடை எது? இந்தக் கேள்வியை ஏதாவது எழுத்தாளர் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள். நாவலா, சிறுகதையா, பத்தியா என்று ஒரு மணி நேரம் சண்டை ஓடும். என் பதில் ரொம்ப எளிது. குறுஞ்செய்திதான். புத்தகமே தொடாதவர்கூட ஒரு நாளைக்கு நூறு வரி குறுஞ்செய்தி படிக்கிறார். ஆனாலும் அதை ஓர் எழுத்து வகையாக மதித்து யாரும் விமர்சிப்பதில்லை. இந்தக் கட்டுரை அதன் ஒரு சின்ன மூலையைப் பற்றியது. வேலைக்குப் போய்க்கொண்டே, குடும்பத்தைச் சுமந்துகொண்டே படிக்கும் பெரியவர்களுக்குக் கல்லூரிகள் அனுப்பும் செய்திகளைப் பற்றியது.

நான் வார இறுதிகளில் பகுதி நேர மாணவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். இடைவேளையில் யாராவது ஒருவர் கைப்பேசியை நீட்டி, ‘சார், இது என்னதான் சொல்லுது?’ என்று கேட்பார். அப்படிப் படித்த செய்திகள் ஏராளம். அவற்றை வைத்துத்தான் பேசுகிறேன். என் குற்றச்சாட்டு இது: நம் கல்லூரிகள் இந்த மாணவர்களிடம் பேசுவதே இல்லை. ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கிறார்கள். அறிவிப்பைக் கேட்டவர் பதிலுக்கு ஏதாவது சொன்னால், அந்தப் பக்கம் காது கிடையாது.

யார் இந்த மாணவர்கள்? எஸ்.பி.எம். முடித்து நேராக வளாகத்துக்குப் போனவர்கள் இல்லை. கிள்ளான் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், மூன்று ஷிஃப்ட் மாறி மாறிப் பார்க்கும் தாதி, தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருந்துகொண்டு பட்டம் தேடுகிறவர், விடியற்காலை நாலு மணிக்கு மோட்டார் எடுத்து ஜொகூர் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். இவர்களுக்கும் கதவு திறக்க வேண்டும் என்றுதான் 2000-இல் ஓப்பன் யுனிவர்சிட்டி மலேசியா தொடங்கப்பட்டது. பிறகு பினாங்கில் வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது. மலேசியத் தகுதி முகமையின் ‘ஏபெல்’ வழி இன்று 21 வயது நிறைந்து, தக்க வேலை அனுபவமும் இருந்தால், தேர்வும் தொகுப்பேடும் கொடுத்து இளங்கலைக்கு விண்ணப்பிக்கலாம். எஸ்.டி.பி.எம். இல்லையே என்று வாசலில் நிற்க வேண்டியதில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம், 2005-இல் யூனிசிம் என்று தொடங்கியது இப்போது சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம். 2024 முதல் 40 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் கூடுதலாக 4,000 வெள்ளி போட்டிருக்கிறார்கள்.

கதவு திறந்தது நல்லது. கதவுக்கு உள்ளே வந்தவரை எப்படி அழைக்கிறோம் என்பதுதான் கேள்வி.

இருபது வயது முழுநேர மாணவனுக்கு வளாகம் இருக்கிறது. கெடு தள்ளிப்போன செய்தி கேண்டீனில் காதில் விழும். எந்த விரிவுரையாளரிடம் எப்படிக் கேட்டால் வேலை நடக்கும் என்று விடுதியில் சீனியர் சொல்லிக் கொடுப்பான். எந்தப் பாரத்தை எந்த முகப்பில் கொடுப்பது என்று படிக்கட்டில் நிற்கும் யாரோ ஒருத்தி சொல்லிவிடுவாள். கல்லூரி வாழ்க்கையில் பாதி இப்படிக் காற்றில் வருவது. பகுதி நேரத்தில் படிக்கும் நாற்பது வயதுக்காரருக்கு இந்தக் காற்று கிடையாது. சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் பிள்ளையை டியூஷனிலிருந்து கூட்டி வர ஓடுகிறார். அவருடைய கேண்டீன், விடுதி, படிக்கட்டு எல்லாமே கைப்பேசிக்குள் இருக்கிறது. அங்கே வரும் செய்தி அவருக்குத் தகவல் மட்டுமில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே கல்லூரி அதுதான்.

அந்தக் கல்லூரி எப்படிப் பேசுகிறது? பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோ வரும். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: ‘நினைவூட்டல். உங்கள் கணக்கில் பாக்கி உள்ளது. 3 நாளில் செலுத்தத் தவறினால் தேர்வெழுதும் அனுமதி ரத்தாகும். உடனே இந்தச் சுட்டியை அழுத்தவும். இது கணினி அனுப்பிய செய்தி. தயவுசெய்து பதில் அனுப்ப வேண்டாம்.’

இதை ஒரு விமர்சகராகப் படித்துப் பாருங்கள். அனுப்பியவருக்குப் பெயர் இல்லை. பாக்கி எவ்வளவு என்று இல்லை. பி.டி.பி.டி.என். கடன் பணம் இன்னும் வந்து சேரவில்லை என்றால் என்ன செய்வது என்று இல்லை. அவசரம், மிரட்டல், சுட்டி, மூன்றும் இருக்கின்றன. வேறு யார் இப்படி எழுதுவார்கள்? மோசடிக்காரன்தான். மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2023-இல் சுட்டி உள்ள குறுஞ்செய்திகளைப் படிப்படியாகத் தடுக்கத் தொடங்கியது இதனால்தான். சிங்கப்பூரில் அதே ஆண்டு ஜனவரி 31 முதல், பதிவு செய்யாத அனுப்புநர் பெயரில் வரும் குறுஞ்செய்திக்கு ‘மோசடியாக இருக்கலாம்’ என்று முத்திரையே குத்துகிறார்கள். ‘அவசரம் என்று எவனாவது எழுதினால் நம்பாதீங்க’ என்று அரசாங்கம், வங்கி, பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து பெரியவர்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறோம். அவர்களும் கற்றுக்கொண்டார்கள். கல்லூரி மட்டும் மோசடிக்காரனின் நடையில் எழுதிவிட்டு, ‘மாணவர்கள் செய்தியைக் கண்டுகொள்வதில்லை’ என்று கூட்டத்தில் புலம்புகிறது. வேறு செய்தித் தளத்துக்கு மாறினாலும் நடை மாறவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா. மருத்துவமனையில் துப்புரவு மேற்பார்வை வேலை. இரண்டாவது செமஸ்டர் நடந்துகொண்டிருந்தது. இப்படி ஒரு செய்தி வந்தது. அவர் அதற்குப் பதில் எழுதினார். ‘அம்மாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பிச்சிருக்கு, ரெண்டு வாரம் டைம் குடுங்க’ என்று, ஆங்கில எழுத்தில் தமிழை வைத்து எழுதினார். அந்த எண்ணுக்குப் பின்னால் ஆள் இல்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்? கடைசி வரியை அவர் சம்பிரதாயம் என்று நினைத்துக்கொண்டார். இரண்டு வாரம் காத்திருந்தார். பதில் வரவில்லை. ‘படிச்சிட்டு வேணாம்னு விட்டுட்டாங்க’ என்று முடிவு செய்து வகுப்புக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். கல்லூரியின் பதிவேட்டில் அவர் ‘ஆர்வம் இழந்தவர்’. நான் கூப்பிட்டுப் பேசியபோது பதிவுக்காலம் முடிந்து போயிருந்தது. அவரை யாரும் நிராகரிக்கவில்லை. அவர் எழுதியதை யாரும் படிக்கவே இல்லை. இதில் எது கொடுமை என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

‘அந்தக் காலத்தில் இதற்கெல்லாம் வசதி இல்லை’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இந்த நாட்டிலேயே 2009-இல் ஓப்பன் யுனிவர்சிட்டி மலேசியா தன் மாணவர்களுக்குச் சாதாரண எஸ்.எம்.எஸ். வழி பாடத்துக்குத் துணை செய்யும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. விவேகக் கைப்பேசி எல்லார் கையிலும் இல்லாத காலம். பாடக் கருத்து, படிக்கும் வழி, ஊக்கச் சொல், நிர்வாக நினைவூட்டல் என்று வகை பிரித்து, யோசித்து, அளவு பார்த்து அனுப்பினார்கள். அதில் எல்லாமே சரி என்று நான் வாதாட வரவில்லை. குறுஞ்செய்தியும் கற்பித்தலின் ஒரு பகுதி, அதை யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும் என்ற எண்ணம் அன்றைக்கே இங்கே இருந்தது என்பதைத்தான் சொல்கிறேன். இன்று நிறைய இடங்களில் அதை எழுதுவது கணக்குப் பிரிவு.

அமெரிக்காவில் இதை ஆராய்ச்சியாகவே செய்தார்கள். அங்கே இடம் கிடைத்த மாணவர்கள் பலர், குறிப்பாக வசதி குறைந்தவர்கள், கோடை விடுமுறை முடிவதற்குள் கல்லூரி எண்ணத்தையே கைவிட்டுவிடுகிறார்கள். பெஞ்சமின் காசில்மன், லின்ட்சி பேஜ் என்ற இரு ஆய்வாளர்கள் 2012 கோடையில் சில நகரங்களில் அப்படிப்பட்டவர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பிப் பார்த்தார்கள். அடுத்துச் செய்ய வேண்டிய வேலை என்ன என்று செய்தி சொல்லும். உதவி வேண்டுமென்றால் பதில் எழுதலாம், ஆலோசகர் ஒருவர் பேசுவார். ஒரு மாணவருக்கு ஆன செலவு ஏறக்குறைய 7 டாலர். உதவி அதிகம் கிடைக்காத ஊர்களில் கல்லூரி சேர்ந்தவர்கள் எண்ணிக்கை நன்றாகவே கூடியது.

உடனே எல்லாரும் குறுஞ்செய்தியை மந்திரம் என்று நினைத்தார்கள். பெரிதாக்கினார்கள். 8 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்குக் கல்வி நிதி உதவிக்கு விண்ணப்பிக்கச் சொல்லி அனுப்பினார்கள். 2019-இல் முடிவு வெளிவந்தது. பலன் இல்லை. வாக்கியத்தை மாற்றிப் பார்த்தார்கள், நேரத்தை மாற்றிப் பார்த்தார்கள், ஆலோசகரோடு பேசும் வசதியைச் சேர்த்தும் பார்த்தார்கள். அப்போதும் எதுவும் நகரவில்லை. இவர்கள் பெரும்பாலும் இளையவர்கள், நம் நாற்பது வயது மாணவர்கள் இல்லை. அதனால் எண்களை அப்படியே இங்கே இறக்க முடியாது. ஆனால் நான் இதிலிருந்து எடுத்துக்கொள்ளும் பாடம் ஒன்று உண்டு. உள்ளூரில், தெரிந்த பள்ளியோ தெரிந்த அமைப்போ எழுதியபோது செய்தி வேலை செய்தது. எங்கோ இருந்து முகம் தெரியாத ஒரு திட்டம் எழுதியபோது, பதில் எழுதும் வசதி இருந்தும் வேலை செய்யவில்லை. ஆக, ‘பதில் அனுப்பலாம்’ என்று ஒரு வரியை மாற்றிவிட்டால் போதும் என்று யாரும் கிளம்ப வேண்டாம். எழுதுகிறவர் யார் என்று படிக்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதை ஆராய்ச்சி செய்துதான் கண்டுபிடிக்க வேண்டுமா? கடன் கேட்டு எழுதிய கடிதத்துக்கும் இதே விதிதான்.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். முதலாவது, எனக்கு மிகவும் எரிச்சல் தருவது: ‘அவங்க பெரியவங்க. நாமதான் ஒவ்வொண்ணா ஊட்டணுமா?’ பெரியவர் என்பதால்தான் சொல்கிறேன். அவருக்குப் பொறுப்பு இல்லாமல் கெடு தவறவில்லை. பொறுப்பு நிறைய இருப்பதால் தவறுகிறது. ஒரே இரவில் ஓவர்டைம், காய்ச்சல் பிள்ளை, இடுபணி என்று மூன்று வந்து நின்றால் முதலில் இடுபணிதான் விழும். ‘இடுபணி வெள்ளிக்குள்ள, முடியலனா என்கிட்ட சொல்லுங்க’ என்று ஒரு வரி எழுதுவது ஊட்டுவது ஆகாது. ஒரு பெரியவரிடம் இன்னொரு பெரியவர் பேசும் விதம் அது.

இரண்டாவது வாதம் நியாயமானது. பகுதி நேர விரிவுரையாளருக்கு வகுப்புக்கு இவ்வளவு என்று கூலி. ராத்திரி பதினொரு மணிக்கு வரும் செய்திக்கு அவர் எதற்கு இலவசமாகப் பதில் எழுத வேண்டும்? எழுத வேண்டாம். எழுதச் சொல்கிற கல்லூரி அதற்குப் பணம் கொடுக்கட்டும். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்று ஒதுக்கி, ‘செவ்வாயும் வியாழனும் இரவு எட்டிலிருந்து ஒன்பது வரை பதில் எழுதுவேன்’ என்று மாணவர்களுக்குச் சொல்லிவிடலாம். மாணவர் உடனடிப் பதில் கேட்கவில்லை. பதில் வரும் என்ற நிச்சயத்தைத்தான் கேட்கிறார். விளம்பரப் பதாகைக்குச் செலவழிக்கும் நிறுவனங்கள் இதற்குக் காசில்லை என்று சொன்னால் நம்ப முடியவில்லை லா. ஆள் சேர்க்கும்போது மட்டும் எத்தனை அன்பாகச் செய்தி வருகிறது பாருங்கள். ‘வணக்கம் அக்கா, நான்தான் நேத்து கண்காட்சியில பேசினேன்’ என்று பெயரோடு, படத்தோடு, பதில் எழுதினால் இரண்டு நிமிடத்தில் மறுபதிலோடு வருகிறது. ஆக, எப்படி எழுதுவது என்று அவர்களுக்குத் தெரியும். கையெழுத்து விழும் வரைக்கும் தெரியும்.

மூன்றாவது, ‘அதான் புலனக் குழு இருக்கே!’ இருக்கிறது. அறுபது பேர் உள்ள குழு. காலை வணக்கப் படம், யாரோ ஒருவர் விற்கும் முறுக்கு, ‘நன்றி சார்’ நாற்பது முறை, அதற்கு நடுவே தேர்வு மண்டபம் மாறிய செய்தி. இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்கும் தாதி குழுவை ஊமையாக்கி வைத்திருப்பார். வேறு வழி? இதைவிட மோசம், இடுபணி அனுப்பாதவர் பட்டியலையும் கட்டணம் கட்டாதவர் பட்டியலையும் அடையாள அட்டை எண்ணோடு குழுவில் போடுவது. மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டு 2013-இல் நடப்புக்கு வந்தது. தனியார் உயர்கல்வி நிறுவனங்களுக்கும் அது பொருந்தும். சட்டத்தை விடுங்கள். தன் மகன் வயதுப் பையன்கள் இருக்கும் குழுவில் பாக்கிக்காரியாக நிறுத்தப்பட்ட ஓர் அம்மா அடுத்த சனிக்கிழமை எந்த முகத்தோடு வகுப்புக்குள் வருவார்? பொது அறிவிப்புக்குக் குழு போதும். தனியாளின் விஷயம் தனியாளிடம்தான் போக வேண்டும்.

இப்போது மொழிக்கு வருகிறேன். இந்த இதழை வாசிக்கிற உங்களுக்கு இது நேரடியாகப் படும்.

தமிழில் குறுஞ்செய்தி எழுத முடியாது, இடம் பிடிக்கும் என்பார்கள். பாதி உண்மை. ஒரு எஸ்.எம்.எஸ்.ஸில் ஆங்கிலத்துக்கு 160 இடம் இருந்தால், தமிழ் போன்ற யூனிகோட் எழுத்துகளுக்கு 70 இடம்தான். அதிலும் ‘கு’ என்று நாம் ஓர் எழுத்தாகப் பார்ப்பதைக் கணினி இரண்டு இடமாக எண்ணும். மெய்யெழுத்தின் புள்ளிக்கும் ஓர் இடம். ஆனால் இதை எண்ணிப் பாருங்கள்: ‘அக்கா, இடுபணி வெள்ளி இரவு வரை. முடியலனா எனக்கு எழுதுங்க.’ மொத்தம் 56 இடம். ஒரே செய்தியில் அடங்கிவிட்டது. கெடு இருக்கிறது, வழி இருக்கிறது, எழுதியவர் ஒரு மனிதர் என்பதும் தெரிகிறது. கைப்பேசியில் தமிழ் எழுத இந்த மண்ணைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005 பொங்கலின்போதே சிங்கப்பூரில் வெளியாகிவிட்டது. கருவி வந்து இருபது வருடம் ஆகிறது. பயன்படுத்த மனம்தான் வரவில்லை.

அதற்காக எல்லாருக்கும் தமிழிலேயே அனுப்பு என்று கொடி பிடிக்கவும் நான் தயாராக இல்லை. தேசியப் பள்ளியில் படித்து, வீட்டில் தமிழ் பேசி, தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாத மாணவர்கள் என் வகுப்பிலேயே இருக்கிறார்கள். மலாயில் கேட்டால் கச்சிதமாகப் புரிந்துகொள்கிறவர்களும் இருக்கிறார்கள். சேரும் நாளில் ஒரு கேள்வி கேட்டால் போதும்: ‘எந்த மொழியில், எந்த நேரத்தில் எழுதினால் உங்களுக்கு வசதி?’ தாதிக்குத் திங்கள் காலை ஒன்பது மணி நடுநிசி மாதிரி. இது எந்தப் பாரத்திலும் இல்லாத கேள்வி. பாட்டி பெயர்வரை கேட்கும் பாரத்தில் இதற்கு மட்டும் கட்டம் இல்லை.

நம்மவர்களிடமும் ஒரு வார்த்தை. மாணவர் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து ஒரு சந்தேகம் கேட்டால், முதலில் தமிழைத் திருத்துகிற விரிவுரையாளர்கள் நம்மிடையே உண்டு. அவர் கேட்டது வாக்கியத் தேர்வு இல்லை. இடுபணியைப் பற்றி. கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். உங்கள் பதில் தமிழ் எழுத்தில், நல்ல தமிழில் இருக்கட்டும். பார்த்துப் பழகுவார். ஒருமுறை மூக்கு உடைபட்டவர் அடுத்த சந்தேகத்தைக் கேட்கவே மாட்டார்.

அழைக்கும் சொல்லுக்கும் ஒரு கணக்கு உண்டு. இருபத்தாறு வயது அலுவலர் நாற்பத்தேழு வயது மாணவரை எப்படி அழைப்பது? கணினி ‘மாணவரே’ என்கிறது. ஆங்கிலம் ‘ஹாய்’ என்று முடித்துக்கொள்கிறது. மலாய்க்கு ‘துவான், புவான்’ இருக்கிறது. தமிழில் நமக்கு அக்கா, அண்ணே, அம்மா, ஐயா எல்லாம் இருக்கின்றன. அதோடு ‘ங்க’ என்ற இரண்டு எழுத்து மரியாதை இருக்கிறது. ‘அனுப்பவும்’ என்பது சுவரில் ஒட்டிய அறிவிப்பு. ‘அனுப்புங்க’ என்பது முகத்தைப் பார்த்துச் சொல்வது. சிறுகதையில் ஒரு பாத்திரத்தின் பேச்சுக்கு ‘வாங்க’வா ‘வா’வா என்று அரை நாள் யோசிக்கிறோமே, அந்த யோசனையில் ஒரு நிமிடத்தை இதற்கும் கொடுத்தால் என்ன? உங்களில் எத்தனை பேர் கல்லூரி அலுவலகங்களில், பள்ளிகளில், பயிற்சி மையங்களில் வேலை பார்க்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். இந்தச் செய்திகளைத் தட்டச்சு செய்வது பல நேரம் நீங்கள்தான். வார்ப்புருவைக் கொடுத்தது மேலாளராக இருக்கலாம். அதில் ஒரு பெயரும் ஒரு தொலைபேசி எண்ணும் சேர்க்கலாமா என்று கேட்கும் வாய் உங்களுடையது.

‘உன்னால் முடியும்!’ என்று சூரியோதயப் படத்தோடு அனுப்பும் ஊக்கச் செய்திகளை மட்டும் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். இருபது வருடம் குடும்பத்தை ஓட்டியவரிடம் போய் முடியும் என்று சொல்வதற்கு நாம் யார்? முடியும் என்று தெரிந்துதான் அவர் வந்தார். அவருக்கு வேண்டியது எந்தப் பாரம், எத்தனை வெள்ளி, எந்தத் தேதி, யாரிடம் பேசுவது. இவற்றைத் தெளிவாகச் சொல்கிற ஒரு செய்தி நூறு சூரியோதயத்துக்குச் சமம்.

ஆகவே ஒரே ஒரு வேலை சொல்கிறேன். கல்லூரியில் வேலை பார்ப்பவராக இருந்தால், ஒரு மாணவருக்குக் கடைசியாகப் போன பத்துச் செய்திகளை எடுத்து வரிசையாகப் படியுங்கள். அதில் எத்தனை செய்தி அவரிடம் ஏதாவது கேட்டிருக்கிறது என்று எண்ணுங்கள். எத்தனையில் உங்கள் பெயர் இருக்கிறது என்று எண்ணுங்கள். இரண்டும் பூஜ்யம் என்றால், அந்த மாணவர் ஏன் நின்றுபோனார் என்று ஆய்வு நடத்தப் பணம் ஒதுக்க வேண்டாம். பதினோராவது செய்தியை நீங்களே எழுதுங்கள். எழுதிவிட்டு, பதில் வரும்வரை அந்தக் கைப்பேசியைப் பக்கத்தில் வைத்திருங்கள்.